பழைய பாணி ரிமோட் விமானம்: முதல் பறத்தலுக்கு முன்

பால்சா என்ற லேசான மரக்கட்டையில் பழைய பாணி ரிமோட் விமானம் கட்டி முடித்ததும் மோட்டாரை முடுக்கி விடாதீர்கள். முதலில் பேலன்ஸ். பேட்டரி உள்ளே இருக்கும்போதே, பிளானில் குறித்திருக்கும் இடத்தில், இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்குங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் சரி. வால் தொங்கினால் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். போதாவிட்டால் மூக்கில் ஈயத்துண்டு. வால் கனத்த விமானம் கைக்கு அடங்கவே அடங்காது.

அப்புறம் விமானத்துக்குப் பின்னால் நின்று ரிமோட்டில் உள்ள ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்கள். சுக்கானும் (வாலில் நிமிர்ந்து நிற்கும் அசையும் பலகை) வலப்பக்கம் திரும்ப வேண்டும். பல பழைய மாடல்களில் ஐலெரான் (இறக்கையின் பின்னோரத்தில் அசையும் பலகை) கிடையாது, இறக்கை நுனிகள் மேல்நோக்கி இருப்பதால் சுக்கானே திருப்பிவிடும்.

தர்மபுரிப் பக்கம் கேழ்வரகு அறுத்த காடு கிடைத்தால் யோகம்தான். காற்று எழும்பாத காலை நேரத்தில், மோட்டாரை ஓட்டாமல், வரும் இளங்காற்றுக்கு எதிராக, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, வீசாமல் தள்ளி விடுங்கள். சீராக இறங்கினால் மோட்டாரோடு ஏற்றலாம். மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால் எலிவேட்டரை (வாலில் கிடையாக இருக்கும் அசையும் பலகை) ஒரு நூல் இறக்கி மறுபடி பாருங்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒன்று: பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது. அதனால் எங்கே பறக்கவிட அனுமதி என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.