போனைத் தொட்டுக் காசு கட்டுகிறவர்கள் விடக்கூடாத பிழைகள்

வங்கி அட்டையைப் போனில் ஏற்றிக் காசு கட்ட உதவுகிற கூகுள் வொலட் செயலி 2024இல் இலங்கைக்கு வந்த பிறகு, வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்திலும் அட்டைக்குப் பதிலாகப் போனையோ கை மணிக்கூட்டையோ மெசினில் பிடிக்கலாமா என்று விசாரிக்கிறார்கள். கூடவே ஒரு பயமும் வரும்: "பஸ்ஸில நெரிபட்டு நிக்கேக்க ஆராவது பொக்கற்றோட காசை இழுத்துப்போட்டால்?"

அதற்குப் பயப்பட அவ்வளவு தேவையில்லை. போனும் மெசினும் தொடாமலே பேச உதவுகிற என்எஃப்சி அலை சில சென்ரிமீற்றருக்கு மேல் எட்டாது. பெரிய தொகை என்றால் போன் கைரேகையோ முகமோ பின் இலக்கமோ கேட்கும். மெசினுக்குப் போவதும் உங்கள் அட்டை இலக்கம் அல்ல, அந்தப் போனுக்கென்றே கொடுக்கப்பட்ட மாற்று இலக்கம்.

காசு போவது வேறு வழியால். "உங்கள் பார்சல் வந்திருக்கிறது, சிறு கட்டணம் கட்டவும்" என்று ஓர் எஸ்எம்எஸ் வரும். லிங்கை அமத்தினால் அட்டை விபரம் கேட்கும். கொடுத்ததும் வங்கியிலிருந்து ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் செல்லுகிற இரகசிய இலக்கம் வரும், அதையும் அடித்துக் கொடுப்பீர்கள். அந்த ஓடிபி பார்சலுக்கானதாக இல்லாமல், உங்கள் அட்டையைக் கள்ளன் தன் போனில் ஏற்றுவதற்கானதாக இருக்கலாம். ஏற்றிவிட்டால் அதற்குப் பிறகு உங்களிடம் எதுவும் கேட்கத் தேவையில்லை. தன் விரலை வைத்தே உங்கள் காசில் சாமான் வாங்குவான். ஓடிபி எதற்கு என்று செய்தியிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும், ஆனால் ஆங்கிலத்தில். இலக்கத்தை மட்டும் பார்க்கிறவர்கள்தான் கூட. தமிழில் அனுப்பினால் எத்தனையோ பேர் தப்புவார்கள் என்பது என் எண்ணம். அதுவரை அந்த வரியைப் பிள்ளைகளிடம் கொடுத்தாவது வாசிப்பியுங்கள்.

பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. வீட்டில் ஒரே போனில் அம்மா, அப்பா, பெடியன் எல்லோருடைய கைரேகையும் பதிந்திருக்கும். அதில் அட்டையை ஏற்றினால் அத்தனை விரலும் உங்கள் கையெழுத்துத்தான். அட்டை ஏற்றமுதல் மற்ற விரல்களை அழித்துவிடுங்கள்.

வெளிநாட்டு உறவுகள் அனுப்புகிற பழைய போன்கள் எங்களுக்கு வாய்த்த தனிப் பிரச்சினை. ஒரே மொடலிலேயே ஒரு நாட்டுப் போனில் என்எஃப்சி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மென்பொருளை உடைத்து மாற்றிய போனில் கூகுள் வொலட் காசு கட்ட விடாது. மாறி, உங்கள் போனைத் தங்கச்சிக்குக் கொடுக்கும்போதோ திருத்தக் கொடுக்கும்போதோ அட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். திருத்துகிற கடையில் பின் இலக்கத்தைத் துண்டில் எழுதி ஒட்டுகிற பழக்கம் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

மணிக்கூட்டில் ஏற்றிய அட்டைக்கும் தனி மாற்று இலக்கம் உண்டு. அதனால் போன் தொலைந்தாலும் மணிக்கூடு வேலை செய்யும், மணிக்கூடு தொலைந்தால் அதைத் தனியாக நீக்கவேண்டும். தொலைந்த உடனே முழு அட்டையையும் நிறுத்தவேண்டிய கட்டாயமில்லை. முதலில் இன்னொரு கருவியிலிருந்து போனைத் தூரத்திலிருந்தே பூட்டிவிட்டு, பிறகு வங்கிக்கு எடுங்கள். மலிவான பட்டி மணிக்கூடுகளின் பெட்டியில் 'என்எஃப்சி' என்று இருப்பதை நம்பிவிடாதீர்கள். சில சீனச் சந்தைக்கென்றே செய்தவை, இங்கே உங்கள் வங்கி அட்டை அதில் ஏறாது.

சின்னக் கடைகளில் மெசின் இராது, கியூஆர் ஒட்டிதான். அங்கே பிழை விடுவது பெரும்பாலும் கடைக்காரர். வாங்குகிறவர் காட்டுகிற 'காசு போய்விட்டது' ஸ்கிரீன்ஷொட்டை நம்பிச் சாமானைக் கொடுத்துவிடுகிறார். கடைக்காரரின் போனுக்கு வங்கிச் செய்தி வந்தால்தான் காசு வந்தது. தன் ஒட்டிக்கு மேல் வேறு யாரும் ஒட்டியிருக்கிறார்களா என்று கடை திறக்கும்போது ஒருக்கால் பார்ப்பதும் நல்லது.

சரி, காசை விட்டுவிட்டு, போனையோ மணிக்கூட்டையோ பிடித்துத் திறக்கிற கதவுக்கு வருவோம். அலுவலகக் கதவு அட்டையை மணிக்கூட்டில் ஏற்றலாம் என்று நினைத்து வாங்குகிறவர்களும் ஏமாறுகிறார்கள். பழைய அட்டைகளில் பல 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஓடுபவை; போனின் என்எஃப்சி 13.56 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் பேசவே மாட்டா. அலை ஒத்துவந்தாலும், பல அன்ரொயிட் போன்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அடையாள இலக்கத்தைக் காட்டும். இன்று பதிந்தால் நாளை கதவு உங்களைத் தெரியாது என்னும். கதவுகளுக்குப் பாவிக்கிற மைஃபெயர் கிளாசிக் என்ற வகை அட்டைகளின் இரகசியப் பூட்டை ஆய்வாளர்கள் 2008இலேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள், அவற்றைப் பிரதியெடுப்பது கஷ்டமில்லை. பெறுமதியான பொருள் இருக்கிற களஞ்சியத்துக்கு அதை மட்டும் நம்பிப் பூட்டுப் போடாதீர்கள்.

கதவு பொருத்துகிறவரிடம் கேட்கவேண்டியது: கரண்ட் போனால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வரலாமா? வேலையை விட்டுப் போனவரின் பதிவை அழிப்பது யார்? போனில் சார்ஜ் இறங்கிவிட்டால் எப்படி உள்ளே போவது? கடைசிக் கேள்விக்கு, பழைய இரும்புத் திறப்பு ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.