கலியாணத்துக்குப் பாரிஸ் போகிற வன்னி ஆக்களே, மூன்று நாளை நகரத்துக்கு வையுங்கள்

கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் பாரிஸ் போகிறவர்கள் அனேகமாகக் கலியாணத்துக்கோ சாமத்திய வீட்டுக்கோ பிள்ளைப்பேறு பார்க்கவோதான் போகிறார்கள். ஒரு மாதம் சொந்தக்காரர் வீட்டில் இருந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் சாமான் வாங்கி, ஈபிள் கோபுரத்தடியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன். இரண்டாம் தடவை தங்கச்சி மகளின் கலியாணம் முடிந்த பிறகு மூன்று நாளை எனக்கென்று கேட்டு வாங்கினேன், அந்த மூன்று நாளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீசா. 90 நாள் வரையான குறுகிய வீசாவுக்கு வளர்ந்தவர்களுக்கு 90 யூரோ, கொழும்புக்கு நேரில் போய் விரல் அடையாளம் கொடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கிழமை வரை இழுக்காதீர்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதென்றால் அவர்கள் தங்கள் நகரசபையில், அங்குள்ள நம்மவர்கள் 'மேரி' என்பார்கள், ஒரு வரவேற்புப் பத்திரம் எடுத்து அதன் மூலப்பிரதியை உங்களுக்கு அனுப்ப வேண்டும். அதற்கே சில கிழமை போய்விடும், ஆகவே முதல் போன் கோல் அதற்காக இருக்கட்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்புறுதியும் கட்டாயம்.

வயல் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காலபோக நெல் வித்த காசு வங்கிப் புத்தகத்தில் ஒரே நாளில் பெரிதாக விழுந்திருக்கும், அதைப் பார்க்கிற அதிகாரிக்கு எங்கள் போகக் கணக்கு தெரியாது. அந்தக் காசு எப்படி வந்தது என்று ஒரு பக்கக் கடிதமும், காணி உறுதி அல்லது பெர்மிட்டின் மொழிபெயர்ப்பும் சேர்த்து வையுங்கள். திரும்பி வருவதற்கு ஊரில் ஒரு காரணம் இருக்கிறது என்பதையும் அந்தக் காணிதான் காட்டும்.

வெட்டு முடிந்து சித்திரை கடந்த பிறகு போவது நல்லது. வைகாசி, ஆனியில் குளிர் தாங்கலாம், ஆனி கடைசியில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். மார்கழியில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், கால்வாசி நாள் உடுப்புப் போடுவதிலும் கழற்றுவதிலும் போகும். எப்போது போனாலும் பழகிய சப்பாத்தோடு போங்கள். கலியாணத்துக்கு வாங்கிய புதுச் சப்பாத்தோடு அந்தக் கல் தெருக்களில் நடந்தால் மாலைக்குள் குதிக்கால் உரிந்துவிடும்.

போக்குவரத்துக்கு 'நவிகோ' என்ற வாராந்த அட்டை உண்டு, ஒரு சின்னப் படம் கொண்டு போனால் நிலையத்திலேயே செய்து தருவார்கள். அது திங்கள் தொடங்கி ஞாயிறு முடியும், நீங்கள் வாங்கும் நாளிலிருந்து ஏழு நாள் அல்ல. வியாழக்கிழமை வந்து இறங்குகிறவருக்கு அது நட்டம், அவர் தனித்தனிச் சீட்டாகவே வாங்கலாம். சீட்டையோ அட்டையையோ வெளியே வரும் வரை கையில் வைத்திருங்கள், பரிசோதகர் வந்தால் தண்டம் கட்ட வேண்டிவரும். ரயிலில் பையை முதுகில் போடவும் வேண்டாம். எங்கள் மாமாவின் பையை, கதவு மூடும் அந்த ஒரு நொடியில், யாரோ திறந்து பணப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கடவுச்சீட்டு வீட்டில் இருந்ததால் தப்பினோம்.

இன்னொன்று, கடைக்குள் போனால் எதையும் கேட்கும் முன் 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் கேட்டால் முகம் சுருங்கிவிடும், சொன்னால் உங்கள் கையசைப்புப் பாஷைக்குக்கூடப் பொறுமையாகப் பதில் வரும்.

சரி, மூன்று நாள். முதல் நாளை ஆற்றுக்கு நடுவில் இருக்கும் தீவுக்குக் கொடுங்கள், பாரிஸ் வளர்ந்தது அங்கிருந்துதான். நோத்ருதாம் தேவாலயத்துக்கு 1163 இல் அத்திவாரம் போட்டார்கள். 2019 சித்திரை 15 அன்று கூரை எரிந்து கூர்க்கோபுரம் விழுந்ததை நாங்கள் எல்லாரும் டிவியில் பார்த்தோம். 2024 மார்கழியில் திரும்பத் திறந்தார்கள். உள்ளே போகக் காசில்லை, யாராவது சீட்டு என்று விற்றால் வாங்காதீர்கள். வரிசை நீளமென்றால் இரண்டு நாள் முன்பிருந்து இணையத்தில் இலவசமாகப் பதியலாம். கீழே நின்று பார்த்தால் கூரை மரம் தெரியாது, ஆனால் மேலே சுமார் 2,000 ஓக் மரங்கள் போயிருக்கின்றன, வளைகளில் பெரும் பகுதியைப் பழைய முறையில் கைக்கோடரியால் செதுக்கியிருக்கிறார்கள். முதிரை வளையைக் கையால் இழைத்த தச்சனைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது என்ன வேலை என்று தெரியும்.

வெளியே வந்ததும் உடனே போய்விடாதீர்கள். எதிரில் இருப்பது பொலிஸ் தலைமையகம், 1944 ஆவணி 19 அன்று ஜெர்மன் படைக்கு எதிரான எழுச்சி அங்கேதான் மூண்டது. அந்த வட்டாரத்திலும் நகரத்தின் வேறு பல சுவர்களிலும் சிறிய கல் பலகைகள் பதித்திருக்கிறார்கள். 'இங்கே விழுந்தார்' என்று தொடங்கி ஒரு பெயர், ஒரு திகதி, சிலதில் வயது. பலகைக்குக் கீழே பூங்கொத்து செருக ஓர் இரும்பு வளையம் இருக்கும், ஆவணியில் அதில் புதுப் பூ இருக்கும். வழிகாட்டிகள் இதில் நிற்பதில்லை, நீங்கள் நில்லுங்கள். ஒரு பெயரைச் சுவரில் எழுதி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் பக்கத்து ஆக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மனம் தாங்குமென்றால் மறுநாள் மரே பகுதியில் உள்ள, நாசிகள் செய்த யூத இனப்படுகொலைக்கான ஷோவா நினைவகத்துக்கும் போங்கள். பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட சுமார் 76,000 யூதர்களின் பெயர்கள் அங்கே சுவர்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. உள்ளே போவது இலவசம், சனிக்கிழமை பூட்டு. நான் அங்கே அரை மணி நேரம் நினைத்துப் போய் மத்தியானம் வரை நின்றேன்.

அதே தீவில் செந்த் ஷப்பேல் என்ற சிறிய தேவாலயம் உண்டு, 1248 இல் முடித்தது, 15 மீற்றர் உயரக் கண்ணாடி யன்னல்கள். வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள், முகில் நாளில் பாதி அழகு போய்விடும்.

லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாயில் போகாதீர்கள், பூட்டு. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2026 தையிலிருந்து 32 யூரோ, அதைக் கொடுத்து மோனாலிசா முன் முட்டுப்பட்டுக்கொண்டு நிற்பதா என்பது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் கீமே அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்வேன், அதுவும் செவ்வாயில் பூட்டு. அங்கே தமிழ்நாட்டிலிருந்து போன சோழர் காலத்து வெண்கல நடராசர் இருக்கிறார். மணியோசை இல்லை, கற்பூரம் இல்லை, கண்ணாடிக்கும் விளக்குக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கை தானாகவே கூப்பிக்கொண்டது. காசு கையைக் கடிக்கிறதென்றால் கார்னவலே அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சி இலவசம், பாரிசின் கதை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு கொடுக்காதீர்கள். தெருவோரத்தில் கடும் பச்சை நிறத்தில், நான்கு பெண்கள் ஒரு குவிந்த மூடியைத் தாங்கி நிற்கும் இரும்பு நீரூற்றைத் தேடுங்கள். 1870 இல் ஜெர்மன் படை நகரத்தை முற்றுகையிட்டபோது பட்ட கஷ்டத்தையும் தண்ணீர் விலை ஏறியதையும் பார்த்த ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர், ஏழைகளும் குடிக்கட்டும் என்று 1872 இலிருந்து தன் காசில் நிறுத்தியவை. நடுவில் நூல் போல ஒரு தாரை விழும், போத்தலைப் பொறுமையாகப் பிடிக்க வேண்டும். குளிர் மாதங்களில் நிறுத்திவிடுவார்கள்.

மத்தியானத்துக்கு ஒரு நீட்டுப் பாணும் சீஸும் வாங்கி ஆற்றங்கரையில் இருந்து சாப்பிடுங்கள். சோறு இல்லாமல் முடியாதென்றால் லாச்சப்பல் இருக்கவே இருக்கிறது, பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில். ஆவணிக் கடைசியில் நின்றால் அவருடைய தேரைப் பாருங்கள், பாரிஸ் தெருவில் தேங்காய் மலை மலையாக உடைபடும். ஈபிள் கோபுரத்துக்கு மேலே ஏற வேண்டுமென்றில்லை, இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மின்னும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றால் போதும்.

திரும்புகிற நாள், சார்ல் து கோல் விமான நிலையத்துக்கு ஆர்.ஈ.ஆர் பி என்ற புறநகர் ரயில். அது ஓல்னே நிலையத்துக்குப் பிறகு இரண்டாகப் பிரியும், ஒன்று விமான நிலையத்துக்கு, மற்றது மித்ரி ஊருக்கு. பெட்டியைத் தூக்கி ஏற்றும் முன் மேடையில் தொங்கும் பலகையில் விமான நிலையத்தின் பெயருக்கு நேரே விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.