ராணுவத்தில் இருந்தவரிடம் எப்படிப் பேசுவது? ஒரு பழைய ஸ்டோர்கீப்பரின் யோசனைகள்

நான் ராணுவத்தில் ஸ்டோர்கீப்பராக இருந்தவன். பூட்ஸ், போர்வை, கொசுவலை, கூடாரத்துக்கான முளை, கயிறு, இவைதான் என் ஆயுதங்கள். துப்பாக்கிப் பயிற்சி எல்லோருக்கும் போல எனக்கும் உண்டு. ஆனால் எதிரி என்று ஒருவரைக் குறிபார்க்க வேண்டிய நிலை வந்ததே இல்லை. இருந்தும், ஓய்வுபெற்று வந்த பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு "நீங்கதான் சார் நிஜ ஹீரோ" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு என்ன பதில் சொல்வது? "ஆமாம்" என்றால் தற்பெருமை. "இல்லைங்க" என்றால் "பாருங்க, எவ்வளவு அடக்கம்!" என்று இன்னும் ஒரு படி மேலே ஏற்றிவிடுவார்கள். அத்தோடு பேச்சும் முடிந்துவிடும். அவர் சாப்பிடப் போய்விடுவார், நான் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பேன்.

நல்லெண்ணத்தோடு பேச வருகிறவர்களுக்கும், விழா மேடையில் எங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருப்பவர்களுக்கும், போர் என்றாலே பிடிக்காது ஆனால் சொந்தத்தில் ஒருவர் படையில் இருக்கிறார் என்று சங்கடப்படுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

என்ன வேலை என்று கேளுங்கள்

"ராணுவத்துல என்ன வேலை பார்த்தீங்க?" இதுதான் முதல் கேள்வி. சமையல்காரர், டிரைவர், மெக்கானிக், நர்ஸ், கணக்கெழுதுகிறவர், முடிவெட்டுகிறவர், பாலம் கட்டுகிறவர், கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்று படைக்குள் ஒரு முழு ஊரே இருக்கிறது. இன்றைய பெரிய படைகளில், முன்னால் நின்று சண்டை போடுகிறவர்களைவிட அவர்களுக்குச் சோறும் தோட்டாவும் டீசலும் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். சினிமாவில் இவர்களைக் காட்டமாட்டார்கள். காட்டினாலும் காமெடிக்குத்தான்.

வேலை என்னவென்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும். என்னிடம் ஸ்டோரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நிறுத்தவே முடியாது. பனிப்பிரதேசத்துக்குப் போகிற ஆளுக்கு இறுக்கமான பூட்ஸைக் கொடுத்துவிட்டால் ரத்த ஓட்டம் குறையும், விரல்கள் உறைந்து கருகும், கடைசியில் வெட்டி எடுக்க வேண்டிவரும். தடித்த காலுறையைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். இளம் பையன்கள் மிடுக்காகத் தெரியவேண்டும் என்று ஒரு அளவு சின்னதாகக் கேட்பார்கள். "உள்ளே விரலை ஆட்டிக் காட்டு, அப்புறம் கையெழுத்துப் போடு" என்பேன். இதற்குப் பதக்கம் கிடையாது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு ஒருவர் "இவ்வளவு இருக்கா!" என்று சொன்னால் எனக்கு அது போதும்.

எல்லோரிடமும் வேலைசெய்கிற இன்னொரு கேள்வி: "கூட இருந்தவங்களோட இன்னும் பேசிக்கிறீங்களா?" இதைக் கேட்டதும் முகம் மலரும் அல்லது சட்டென்று மாறும். மலர்ந்தால் தொடருங்கள். மாறினால் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். துருவ வேண்டாம்.

கேட்கவே கூடாதது, "எத்தனை பேரைச் சுட்டீங்க?" குழந்தைகள் தெரியாமல் கேட்பார்கள், பரவாயில்லை. பெரியவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பதுதான் கொடுமை. சுடாதவன் என்றால் ஏதோ குறைந்தவன் போலக் கூசுவான். சுட்டவன் என்றால் அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கம் போய்விடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை அப்படிக் கேட்டுவிட்டால் அதட்டாதீர்கள். "மாமா முதுகுல எவ்வளவு எடை தூக்கிட்டு நடப்பாருன்னு கேளு" என்று திருப்பிவிடுங்கள். அவராகவே சண்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். நீங்கள் பார்த்த படத்தோடு ஒப்பிட வேண்டாம்.

பாராட்டுவதாக இருந்தால்

வீரன் என்ற பட்டத்தை வழங்குவதில் ராணுவத்தைப் போலக் கஞ்சன் கிடையாது. இந்தியாவின் பரம் வீர் சக்ரா 1950-ல் நிறுவப்பட்டது. அதைப் பெற்றவர்கள் மொத்தம் 21 பேர், அதில் 14 பேர் உயிரோடு இல்லாத நிலையில் பெற்றவர்கள். பிரிட்டனின் விக்டோரியா கிராஸ் 1856-ல் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களையும் சேர்த்து இத்தனை காலத்தில் 1,350 சொச்சம்தான் கொடுத்திருக்கிறார்கள். அவர் என்ன செய்தார், எங்கே, யார் பார்த்தார்கள் என்று எழுத்தில் கேட்டு, விசாரித்து, மேலே மேலே அனுப்பித்தான் தருவார்கள்.

மொத்தமாக அள்ளிக் கொடுத்த கதையும் ஒன்று உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863-ல் மெய்ன் மாநிலத்தின் 27-ஆவது படைப்பிரிவுக்குப் பணிக்காலம் முடிகிற நேரம். எதிரிப்படை வடக்கே வந்துகொண்டிருந்தது. தலைநகரைக் காக்க இன்னும் சில நாள் இருக்கிறவர்களுக்கு மெடல் ஆஃப் ஹானர் என்ற அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைத் தருவதாக ஆசை காட்டினார்கள். ஏறக்குறைய 300 பேர் தங்கினார்கள், மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். பட்டியல் குழப்பத்தில் 864 பதக்கங்கள் அடிக்கப்பட்டன, போனவருக்கும் ஒன்று, இருந்தவருக்கும் ஒன்று. 1917-ல் மறுஆய்வுக் குழு ஒன்று உட்கார்ந்து மொத்தம் 911 பெயர்களை நீக்கியது. இந்த 864 பேரும் அதில் அடக்கம். சிரிப்பாக இருந்தாலும், தங்கிய அந்த 300 பேரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. தங்கியதற்கான தனிப் பாராட்டு கடைசிவரை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே மேடைக்கு எழுதும்போது சீருடையை விட்டுவிட்டுச் செயலைப் பிடியுங்கள். "உயிரைத் துச்சமென மதித்து எல்லையைக் காத்த மாவீரர்" என்று எழுதினால் அதை யாருக்கு வேண்டுமானாலும் வாசிக்கலாம், பெயரை மட்டும் மாற்றினால் போதும். "வெள்ளக் காலத்தில் படகு ஓட்டியவர், இருட்டிய பிறகும் திரும்பிப் போய் மாடியில் சிக்கியிருந்த கிழவரைத் தூக்கி வந்தவர்" என்று எழுதினால் அது அவருடையது. எழுதியதை முதல்நாளே அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். நிச்சயம் ஒன்றிரண்டு திருத்துவார், "நான் தனியா போகல, கூட இன்னொருத்தர் இருந்தார்" என்பார். அந்த இன்னொருவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லும்படி ஒன்றும் இல்லையே என்று அவர் சொன்னால், எத்தனை வருடம் என்ன வேலை பார்த்தார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லி நன்றி சொல்லுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

இழந்த வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். "நாட்டுக்காகத்தானே போனார், பெருமைப்படுங்க" என்று நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். அந்த அம்மா தானே அப்படிச் சொன்னால் தலையசையுங்கள். அவர் "யாருக்காக என் பிள்ளை போனான்?" என்று கோபப்பட்டாலும் தலையசையுங்கள். இரண்டையும் ஒரே அம்மா ஒரே மாலையில் சொல்லுவார். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். கொஞ்ச நாளில் எல்லோரும் "தியாகி" என்றே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்காது.

போர் பிடிக்காதவர்களுக்கு

போரை எதிர்ப்பது உங்கள் உரிமை, எனக்கே பல போர்களில் உடன்பாடில்லை. படையை அனுப்ப முடிவெடுத்தவர்களைக் கேளுங்கள். கல்யாண வீட்டில் லீவில் வந்திருக்கும் பையனைப் பிடித்து வெளியுறவுக் கொள்கைக்குப் பதில் சொல்லச் சொல்லாதீர்கள்.

அதற்காகச் சிப்பாய் செய்ததெல்லாம் சரி என்று ஆகாது. இதில் என்னோடு வேலைபார்த்தவர்கள் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மி லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயுதமில்லாத மக்களை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். மேலே ஹெலிகாப்டரில் பறந்த ஹியூ தாம்சன் என்பவரும் அதே படைதான், அதே சீருடைதான். அவர் கிராமத்தாருக்கும் சிப்பாய்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். மக்களைச் சுட்டால் நம் ஆட்களையே திருப்பிச் சுடுங்கள் என்று தன் துணையாட்களிடம் சொன்னார். நடந்ததை மேலதிகாரிகளிடம் புகாராகவும் கொடுத்தார். ஊர் திரும்பியபோது அவருக்குக் கிடைத்தது வசவும் கொலைமிரட்டலும். அவருக்கும் அவருடைய துணையாட்கள் இருவருக்கும் 1998-ல்தான் சோல்ஜர்ஸ் மெடல் கொடுத்தார்கள், அதற்குள் ஒருவர் போரிலேயே இறந்துவிட்டிருந்தார். எதிரியோடு நேரடியாக மோதாத சந்தர்ப்பத்தில் காட்டிய துணிச்சலுக்கான பதக்கம் அது. அன்று அந்தக் கிராமத்தில் இருந்த எல்லோரையும் ஒரே பட்டத்தில் சேர்த்தால் தாம்சனுக்கு எங்கே இடம் இருக்கும்?

போனவரும் போகாதவரும்

எல்லோரும் விரும்பிப் போவதில்லை. தென்கொரியாவில் உடல்தகுதியுள்ள ஆண்களுக்குக் கட்டாயம், தரைப்படையில் 18 மாதம். பிடிஎஸ் என்ற அந்நாட்டு இசைக்குழுவின் ரசிகர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்தக் குழுவின் பாடகர் ஜின் 2022 டிசம்பரில் போய் 2024 ஜூனில் வந்தார். கட்டாயத்தால் போனவரிடம் தியாகத்தைப் பற்றிப் பேசினால் நெளிவார். "அந்தக் காலம் எப்படிப் போச்சு?" என்று கேட்டால் நிறையச் சொல்வார். கட்டாயம் இல்லாத நாடுகளிலும் சம்பளம், குடும்பக் கடன், படிப்புச் செலவு, அப்பாவின் ஆசை, கொஞ்சம் தேசப்பற்று எல்லாம் கலந்துதான் ஒருவர் போய்ச் சேர்கிறார். நான் போனது பெரும்பாலும் சம்பளத்துக்காக. அதைச் சொன்னால் சிலர் முகம் வாடிவிடுகிறது, என்ன செய்ய?

போகாதவரைக் குத்திக்காட்ட எங்களைப் பயன்படுத்த வேண்டாம். 1914 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் ஓய்வுபெற்ற கடற்படை அட்மிரல் ஒருவர் 30 பெண்களைத் திரட்டினார். சாதாரண உடையில் நடமாடும் ஆண்களிடம் கோழை என்பதற்கு அடையாளமாக வெள்ளை இறகைக் கொடுப்பதுதான் அவர்களின் வேலை. பழக்கம் நாடெங்கும் பரவியது. காயம்பட்டுப் படையிலிருந்து வீடு திரும்பியவர்கள் கையிலும் இறகைத் திணித்தார்கள். அப்படி வந்தவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள 1916-ல் அரசே வெள்ளி பேட்ஜ் ஒன்றை வழங்கவேண்டியதாயிற்று.

உதவ நினைத்தால்

தூக்கம் வரவில்லை, சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறது, வீட்டில் எரிந்து விழுகிறார் என்றால் "உங்களுக்கா பயம்? நீங்க ஹீரோவாச்சே" என்று தேற்றாதீர்கள். அதைக் கேட்டபிறகு அவர் யாரிடமும் வாய் திறக்கமாட்டார். முதல் உலகப் போரில் படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் என்பன போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டன் சுட்டுக்கொன்ற 306 சிப்பாய்களுக்கு 2006-ல்தான் மன்னிப்பு வழங்கினார்கள். அவர்களில் குண்டுச் சத்தத்தில் மனம் உடைந்து போனவர்களும் இருந்தார்கள். போருக்குப் பிறகான இந்த மனப்பாதிப்பை அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் பிடிஎஸ்டி என்று பெயரிட்டுச் சேர்த்ததே 1980-ல்தான். இன்று சிகிச்சை இருக்கிறது. டாக்டரிடம் முதல்முறை கூடப் போய் வெளியே உட்கார்ந்திருங்கள். உள்ளே என்ன பேசினார் என்று கேட்க வேண்டாம்.

வேலை தேடுகிறார் என்றால் விண்ணப்பத்தை உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். எங்களுக்கு அதுதான் வராது. பதவியின் பெயர் வெளியே யாருக்கும் புரியாது. நான் என் விண்ணப்பத்தில் ஸ்டோர்கீப்பர் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சி அதைப் பிடுங்கி, தினம் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக் கேட்டு, சரக்கு வரவு செலவுப் பதிவு, காலாவதியாகும் பொருளை முதலில் வெளியே அனுப்புவது, ஆடிட்டுக்குக் கணக்கு ஒப்படைப்பது, கீழே வேலைசெய்தவர்களின் டூட்டி போடுவது என்று வரி வரியாக எழுதினாள். அதை முதல் பக்கத்தில் பெயருக்குக் கீழே போடுங்கள். பதக்கங்கள் ஏதாவது இருந்தால் கடைசிப் பக்கத்தில் வரட்டும்.