கொங்குக் கதைக்குத் திரைக்கதை எழுதும் முறை

முதலில் வசனத்தில் கை வைக்காதீர்கள். கதையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். யாருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது யார், கடைசியில் என்ன ஆகிறது என்ற மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். அடுத்தது சீன் ஆர்டர். இரண்டு மணி நேரப் படத்துக்குச் சுமார் 60 முதல் 80 சீன் வரும். சீனுக்கு இரண்டு வரி போதும். ஒவ்வொரு சீனாக எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை தடங்காமல் ஓடினால் அந்த சீன் வேண்டாம். வசனம் எழுதியபின் வெட்ட மனசு வராது.

பிறகு 'சீன் 14, உள், தறிக்குடோன், இரவு' என்று தலைப்பிட்டு, கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதை மட்டும் எழுதுங்கள். 'கடனை நினைத்துக் கலங்குகிறான்' என்பதைப் படம் பிடிக்க முடியாது. 'பாவு இழை அறுந்தும் தறியை நிறுத்தாமல் நிற்கிறான்' என்றால் முடியும். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் குடோனில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. காதோரம் கத்துவார்கள், இல்லாவிட்டால் சைகைதான். அங்கே மெல்லப் பேசும் காதல் வசனம் பொய்யாகிவிடும். கரண்ட் போகட்டும், சட்டென்று விழும் அந்த நிசப்தத்தில் ஒரு வரி சொன்னால் குடோனே திரும்பிப் பார்க்கும்.

வசனத்தில்தான் அதிகம் கெடுகிறது. எல்லா வாக்கியத்துக்கும் 'ங்க' ஒட்டினால் கொங்குப் பேச்சு வந்துவிடாது. அந்த 'ங்க' எங்கே விழாமல் போகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஆறு சீனாக "ஏனுங்க, நாளைக்குச் சம்பளம் போட்டுருவீங்ளா?" என்று கேட்டவன், ஏழாவதில் "சம்பளம் வருமா, வராதா?" என்கிறான். 'கோபமாக' என்று அடைப்புக்குறியில் எழுதவே வேண்டாம். உறவுமுறையும் முக்கியம்: அப்பாவின் அப்பா அப்பாரு, அம்மாவின் அப்பா அப்பிச்சி. மாறினால் ஈரோட்டுத் தியேட்டரில் முதல் வரிசையே கண்டுபிடித்துவிடும். சாளை (தோட்டத்து வீடு), பொடக்காலி (புழக்கடை), ஒறம்பரை (விருந்தாளி) போன்ற சொற்கள் சீனுக்கு ஒன்று போதும். அள்ளிப் போட்டால் அகராதி வாசிப்பது போலாகிவிடும்.

சீரியல் என்றால் அரை மணி நேரத்தில் விளம்பரம் போகச் சுமார் 20 முதல் 22 நிமிடம். அடுப்படியில் இருப்பவருக்கும் கதை புரியும்படி வசனம் தாங்க வேண்டும். கதை, திரைக்கதை, வசனம் மூன்றும் பெரும்பாலும் வேறுவேறு ஆட்கள். எபிசோடுக்கு எவ்வளவு, டைட்டிலில் எந்தப் பெயர் என்பதை முன்னமே எழுத்தில் வாங்குங்கள்.

கதை சொல்லப் போகும் முன் பதிவு செய்யுங்கள். டெல்லிப் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவே செய்யலாம். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டம் வெறும் யோசனையைக் காப்பாற்றாது, எழுதிய வடிவத்தைத்தான் காக்கும். ஆகவே ஒரு பக்கக் கதையோடு நிறுத்தாமல் முழு ஸ்கிரிப்டையும் கொடுங்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் தேதி போட்டுத் தனிக் கோப்பாக வையுங்கள். பழையதன் மேலேயே அழித்து எழுதினால், எது எப்போது எழுதியது என்று காட்டக் கையில் எதுவும் இருக்காது.