வீசாட்டில் தமிழ்ச் சொல்லுக்கு அறிவிப்பு வரவைக்க

ஜூன் 12 நெருங்கினால் டெல்டாவில் மேட்டூர் அணைத் திறப்புப் பேச்சுதான். டெர்மினலில் ஓடும் அரட்டை நிரலான வீசாட்டில் எத்தனை வரி ஓடினாலும், தண்ணீர்ச் செய்தி மட்டும் திரை ஓரத்தில் எட்டிப் பார்க்க வேண்டும். வழி இது. கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்து.

உபுண்டு, டெபியன் லினக்ஸில் வீசாட்-பைத்தான், லிப்நோட்டிஃபை-பின் இரண்டையும் நிறுவுங்கள். டெர்மினலில் ‘நோட்டிஃபை-செண்ட் சோதனை’ என்று தட்டுங்கள். பெட்டி எழவில்லையா, கோளாறு டெஸ்க்டாப்பில். வீசாட்டைக் குடைய வேண்டாம். எழுந்தால், வீசாட்டுக்குள் ‘/ஸ்கிரிப்ட் இன்ஸ்டால் நோட்டிஃபை_செண்ட்.பை’. பதிவிறக்கம் அனுமதியில்லை என்று மறுத்தால் ‘ஸ்கிரிப்ட்.ஸ்கிரிப்ட்ஸ்.டவுன்லோட்_எனேபிள்ட்’ அமைப்பை ஆன் செய்துவிட்டு மறுபடி போடுங்கள்.

அடுத்து ‘வீசாட்.லுக்.ஹைலைட்’ அமைப்பில், காற்புள்ளி இட்டு, நமக்கு வேண்டிய சொற்களைக் கொடுங்கள். அவை வந்தால் பெட்டி எழும். தமிழில் எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான். ‘மேட்டூர்’ என்று கொடுத்தால் ‘மேட்டூரில் திறந்தாச்சு’ என்ற வரி சத்தமில்லாமல் போய்விடும். வேற்றுமை உருபு சேர்ந்ததும் ர் என்பது ரி ஆகிவிடுகிறது. நிரலுக்கு அது வேறு சொல். எனவே மாறாத இடத்தில் வெட்டி நட்சத்திரக்குறி போடுங்கள்: மேட்டூ*, வாய்க்கா*, கல்லணை*. ரொம்பவும் வெட்டக் கூடாது. ‘திற*’ என்றால் திறமை, திறவுகோல் எல்லாவற்றுக்கும் பெட்டி எழும், ‘திறந்*’ போதும். ‘முறை’யைத் தனியாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ‘இந்த முறை’ என்று யார் எழுதினாலும் கூப்பிடும். முறைப்பாசனச் செய்தி வேண்டுமென்றால் ‘முறைப்பாச*’ என்று கொடுங்கள்.

பெட்டியில் செய்தி பாதியில் நின்றால் அந்த ஸ்கிரிப்ட்டின் ‘மேக்ஸ்_லெங்த்’ அமைப்பு காரணம். இயல்பாக 72 எழுத்துக்குறி. உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால், ஐந்தெழுத்து ‘மேட்டூரில்’ பத்தாகிவிடும். 200 ஆக்குங்கள்.

கரண்ட் போனாலும் இணைப்பு அறாமல் இருக்க வீசாட்டைத் தொலைவுச் சர்வரில் டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் டெர்மினலை ஓடவைக்கும் நிரல்) ஓட்டுபவர்களுக்கு மேலே சொன்ன ஸ்கிரிப்ட் உதவாது. நோட்டிஃபை-செண்ட் சர்வரிலேயே ஓடும். அறிவிப்பைப் பெட்டியாக்கும் உங்கள் டெஸ்க்டாப்பின் டி-பஸ் (நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் வழி) அங்கே இல்லை. அவர்கள் டெர்மினல் மணியை நம்பலாம். தனிச்செய்திக்கும் ஹைலைட்டுக்கும் (நாம் கொடுத்த சொல் வரும் வரி) வீசாட் இயல்பாகவே மணிக் குறியை அனுப்பும். சர்வரோடு இணைக்கும் எஸ்எஸ்எச் வழியாக அது வீட்டுக் கணினிக்கு வந்துவிடும். டிமக்ஸில் ‘பெல்-ஆக்‌ஷன்’ எனி என்றும் ‘விஷுவல்-பெல்’ ஆஃப் என்றும் இருக்கிறதா பாருங்கள். உங்கள் டெர்மினல் நிரல் எக்ஸ்டெர்ம் என்றால் ‘பெல்இஸ்அர்ஜெண்ட்’ அமைப்பை ட்ரூ ஆக்குங்கள். மணி வந்ததும் டாஸ்க்பாரில் அந்தச் சாளரம் கவனம் கேட்கும்.