காட்சி மிரட்டுகிறது, கதை எங்கே? சைக்கலாஜிக்கல் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடிட்டிங்குக்கு வரும் புதியவர்களின் சைக்கலாஜிக்கல் படங்களைப் பார்த்தால், ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்தவை அப்படியே திரும்ப வருகின்றன. ஃபோகஸ் போனது, சத்தம் சரியில்லாதது எல்லாம் அடுத்த படத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

பிரமை இருக்கிறது, ஆசை இல்லை

படத்தையே கவிழ்ப்பது இதுதான். இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருகிறது. கண்ணாடி விரிசல் விடும், சுவர் மூச்சு வாங்கும். ஆனால் நாயகிக்கு என்ன வேண்டும், எதை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறாள் என்பது எங்குமே இருக்காது.

ஒரு குறும்படம் வந்தது. சிவப்பு வெளிச்சத்தில் நீண்ட நடைபாதை, அதில் தன்னைத் தானே துரத்தும் பெண். ஒளிப்பதிவு அபாரம். எடிட்டிங் டைம்லைனில், அதாவது காட்சிகளை வரிசையாக அடுக்கும் இடத்தில், இரண்டு பிரமைக் காட்சிகளை இடம் மாற்றிப் போட்டுக் காட்டினேன். இயக்குநருக்கே வித்தியாசம் தெரியவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் அவள் எந்த முடிவும் எடுக்கவில்லை, யாரையும் இழக்கவில்லை. அப்புறம் எப்படித் தெரியும்? அவள் தங்கையோடு சண்டை போடும் காட்சி ஒன்று திரைக்கதையில் இருந்திருக்கிறது. வேகம் குறைகிறது என்று ஷூட்டிங்குக்கு முன்பே தூக்கிவிட்டார்கள். பணமெல்லாம் நடைபாதை செட்டுக்கே போய்விட்டதால் ரீஷூட்டுக்கும் வழியில்லை.

இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958) படத்தில் வரும் டாலி ஜூமைப் பலரும் எடுத்துப் பார்க்கிறார்கள். கேமரா ஒரு பக்கம் நகர, லென்ஸ் அதற்கு எதிராக ஜூம் ஆகும். ஆனால் அங்கே தொடக்கத்திலேயே, கூரை விளிம்பில் தொங்கும் நாயகனைக் காப்பாற்ற வந்த போலீஸ்காரர் விழுந்து சாகிறார். பிறகு மணிக்கூண்டுப் படியில் அதே டாலி ஜூம் ஷாட் வரும்போது, உயரத்தைக் கண்டால் வரும் அந்தப் பயம்தான் அவனை மேலே ஏறவிடாமல் தடுக்கிறது. அந்த ஷாட்டை நீக்கிவிட்டால் கதை நகராது.

லொக்கேஷன் தேடுவதற்கு முன்னால், பிரமைக் காட்சிகளை எல்லாம் நீக்கிவிட்டு மிச்சத் திரைக்கதையை ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று அவர் கேட்காவிட்டால், திரும்ப எழுத உட்காருங்கள்.

‘எல்லாம் அவன் மனதில் நடந்தது’

கடைசியில் இப்படிச் சொல்லி முடிக்கும் திருப்பத்தை ‘டாக்டர் கலிகாரி’ என்ற ஜெர்மன் மௌனப் படம் 1920லேயே செய்துவிட்டது. அதிலாவது கோணல்மாணலாக வரைந்த செட், கதை சொல்பவனின் புத்தியைப் பற்றித் துப்புக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

வசனமே இல்லாமல் எடுப்பது

பாத்திரங்களுக்குப் பேசக் காரணம் இருந்தால் பேசட்டும்.

குறியீடுகள்

பட்டாம்பூச்சி, சதுரங்கம், சொட்டும் குழாய்: ஏதாவது ஒன்று போதும்.