ஹேக்சா பிளேடில் இருந்து ஒரு கொக்கி: பூட்டுத் திறக்கும் கருவியை நீங்களே செய்யலாம்

சாவி இல்லாமல் பூட்டுத் திறக்கும் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, எத்தனை வடிவங்களில் கருவி வேண்டும் என்பதைத்தான். இரண்டே போதும்: ஒரு கொக்கி, ஒரு முறுக்குத் தகடு. இரண்டையும் ஒரு பழைய ஹேக்சா பிளேடில் இருந்தே செய்துவிடலாம். கவனம் முழுவதையும் கொக்கியில் வைத்துவிட்டு முறுக்குத் தகட்டை ஏனோதானோவென்று வளைப்பதுதான் பலரும் செய்வது. கையில் உணர்வைத் தருவதில் பெரும்பங்கு முறுக்குத் தகட்டினுடையது. அதனால் அதற்கும் அதே அக்கறை வேண்டும்.

அரத்தைத் தொடுமுன் இரண்டு விதிகள். உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டை, உரியவரின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. உங்கள் பூட்டே ஆனாலும், தினமும் பயன்பாட்டில் இருக்கும் பூட்டில் பழகக்கூடாது. உள்ளே இருக்கும் பின் (pin) எனும் சிறு உலோகத் துண்டு சிக்கினால் வாசலில் நிற்கவேண்டியதுதான். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பல நாடுகளிலும் இவற்றைப் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கிறார்கள். இத்தகைய கருவிகளை வைத்திருப்பது, வெளியே எடுத்துச் செல்வது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

எதற்காக இந்தக் கருவி என்று புரிந்தால்தான் எப்படிச் செய்வது என்பதும் புரியும். இன்று பரவலாக உள்ள பின் பூட்டு, அமெரிக்கப் பூட்டுத் தயாரிப்பாளர் லைனஸ் யேல் இளையவர் 1860களில் காப்புரிமை பெற்ற வடிவமைப்பின் வழிவந்தது. சாவி நுழையும் உருளை ஒன்று, அதைச் சுற்றி உறை ஒன்று. இரண்டையும் சேர்த்து ஊடுருவி வரிசையாகச் சிறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பின்கள், மேலே ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழையும்போது, எல்லா ஜோடிகளும் பிரியும் இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும், உருளை சுழலும். எந்தத் தொழிற்சாலையிலும் துளைகளை அணுவளவும் பிசகாமல் நேர்கோட்டில் போட முடியாது. ஆகவே உருளையை லேசாக முறுக்கினால் ஏதேனும் ஒரு பின் மற்றவற்றுக்கு முன்னால் இறுகும். அதைத் தேடி மெல்ல மேலே தள்ளினால், உருளை மயிரிழை அளவு அசைந்து அந்தப் பின்னை அங்கேயே நிறுத்திவிடும். பிறகு அடுத்த பின். முறுக்குவது தகட்டின் வேலை, தேடித் தள்ளுவது கொக்கியின் வேலை.

தேவையானவை: ஹேக்சா பிளேடு, தட்டை அரம், ஊசி அரங்கள், வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி), குறடு, எமரி தாள், ஒரு கிண்ணம் தண்ணீர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. சாதாரணக் கை பிளேடு ஏறத்தாழ 12.5 மி.மீ. அகலமும் 0.63 மி.மீ. தடிமனும் கொண்டது, இந்தத் தடிமன் நமக்கு மிகப் பொருத்தம். சாணைக்கல் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், இல்லாவிட்டாலும் குறையில்லை. பாதுகாப்புக் கண்ணாடிக்கு மட்டும் விலக்கே கிடையாது. கடினமான பிளேடு ஒடியும்போது சில்லு தெறிக்கும்.

முதல் படி, பற்களை நீக்குவது. வைஸில் பிளேடை இறுக்கி, பற்கள் இருக்கும் விளிம்பை முழுவதும் மழித்துவிடுங்கள். அரம் அதன்மீது வழுக்கினால், பற்கள் அரத்தைவிடக் கடினம் என்று பொருள். அந்த இடத்துக்குச் சாணைக்கல்தான் சரி. பிளேடின் வண்ணப்பூச்சையும் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, வரைவது. கொக்கியின் வடிவத்தை உண்மையான அளவில் காகிதத்தில் வரைந்து, வெட்டி, பிளேடில் ஒட்டுங்கள். பூட்டுக்குள் போகும் தண்டு 35 மி.மீ. நீளம், 2 முதல் 2.5 மி.மீ. அகலம். நுனி மேல்நோக்கி 2 மி.மீ. அளவுக்கு மட்டும் எழும்பினால் போதும். உயரமான கொக்கி கம்பீரமாகத் தெரியும். குறுகலான சாவித்துளையில் திரும்பக்கூட இடம் இருக்காது. மீதி நீளம் கைப்பிடி.

மூன்றாவது, அரம் பிடிப்பது. நேரம் முழுவதும் இங்கேதான் போகும், போகட்டும். கோட்டுக்கு வெளியே உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டே வாருங்கள். சாணைக்கல்லில் பிடிப்பவர்கள் ஓரிரு விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்க வேண்டும். கையுறை இல்லாமல் வெறும் விரலால் பிடித்திருப்பது நல்லது. விரலுக்குச் சூடு தெரிந்தால் உடனே முக்குங்கள். எஃகின் நிறம் வைக்கோல் மஞ்சளுக்கு வந்தால் எச்சரிக்கை. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. நுனி வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். நீலம் பட்ட பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு, மிஞ்சிய நீளத்தில் புதிதாகத் தொடங்குங்கள். தண்டு கைப்பிடியோடு சேரும் இடத்தில் கூர்மூலை விடாதீர்கள், வளைவாக இழையுங்கள். கருவிகள் பெரும்பாலும் ஒடிவது அந்த மூலையில்தான்.

நான்காவது, மெருகு. 220 எண் எமரி தாளில் தொடங்கி 400, 600, 1000 என்று ஏறுங்கள். அரத்தின் கோடுகள் தண்டுக்குக் குறுக்கே ஓடியிருக்கும். தாளை நீளவாக்கில் இழுத்து அவற்றை அழியுங்கள். நான்கு விளிம்புகளையும் உருட்டுங்கள். விரல் நகத்தை நுனியில் இழுத்துப் பாருங்கள். எங்காவது தடுக்கினால் அது பிசிறு. நகத்தைத் தடுக்கும் பிசிறு பூட்டுக்குள் பின்னையும் உரசும். அந்த உரசலையே பின்னின் அசைவு என்று கை நம்பிவிடும்.

இப்போது முறுக்குத் தகடு. பிளேடின் மறுமுனையில் இருந்து 3 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளத்தில் ஒரு பட்டை எடுங்கள். இதைக் குளிர்ந்த நிலையில் வளைத்தால் பட்டென்று ஒடியும். நுனியில் இருந்து 10 மி.மீ. தள்ளி, வளைய வேண்டிய இடத்தை மட்டும் டார்ச் சுடரில் செந்நிறம் வரும்வரை காய்ச்சி, குறடால் மெல்ல 90 டிகிரிக்கு மடக்குங்கள். இங்கே தண்ணீரில் முக்கக்கூடாது. முக்கினால் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை வந்துவிடும். தானாக ஆறவிடுங்கள். பிறகு சாவித்துளையில் வைத்துப் பார்த்து, துளையின் ஓரத்தில் ஆட்டமில்லாமல் உட்காரும்வரை குட்டைப் பக்கத்தை இழையுங்கள். தகடு உருளைக்குள் ஆடினால் பின் நிலைத்து நிற்கும்போது வரும் அந்தச் சின்னஞ்சிறு அசைவு விரலுக்கு வந்து சேராது. வெளியுறையை உரசினாலும் அதே கதிதான்.

கொக்கியின் கைப்பிடிக்கு மின்கம்பிக்குப் போடும், சூடாக்கினால் சுருங்கும் குழாய் இரண்டு அடுக்கு போதும். தடித்த மரப்பிடி அழகாக இருக்கும், ஆனால் அதிர்வை விழுங்கிவிடும்.

சோதிக்க, பிரித்து மாட்டக்கூடிய பயிற்சிப் பூட்டு ஒன்றில் இரண்டு பின்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். தகட்டை ஒரு விரலின் எடை அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். கொக்கி உள்ளே தள்ளி இருக்கும் பின்னைத் தூக்கும்போது முன்னால் இருக்கும் பின்னும் சேர்ந்து எழும்பினால் தண்டு அகலம் அதிகம். அடிப்பக்கத்தை விட்டுவிட்டு மேல்பக்கத்தில் கால் மில்லிமீட்டர் இழையுங்கள். நுனி வளைந்தால் நுனி மெலிந்துவிட்டது, அல்லது உங்கள் முறுக்கு அதிகம். பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம். அரத்தை எடுக்குமுன் முறுக்கைப் பாதியாகக் குறைத்து இன்னொரு முறை முயன்று பாருங்கள்.